பழைய ஏட்டில் புதிய கோடு

(பரிசளிப்பு விழாவையொட்டி நம் பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற மாணவர் ஓவியக் கண்காட்சியில், ஓவியப் பாட ஆசிரியை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மண்டபத்தின் மூன்று சுவர்களிலும் தொங்கும் ஓவியங்களை உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றுகூட வெள்ளைத் தாளில் வரையப்பட்டதில்லை. எல்லாம் பழைய புத்தகங்களின் ஏடுகள். அச்செழுத்து கீழே தெரிய, அதன் மேலேயே பிள்ளைகள் கோடு போட்டிருக்கிறார்கள், வண்ணம் பூசியிருக்கிறார்கள். முன்கூட்டித் திட்டம் போட்டு வரைந்தவை அல்ல. கை போன போக்கில் தொடங்கி, கண் கண்டுபிடித்த உருவத்தில் முடிந்தவை.

இதைப் பார்த்துச் சில பெற்றோருக்கு மனத்தாங்கல் உண்டென்பது எனக்குத் தெரியும். ஓர் அம்மா நேரிலேயே வந்து கேட்டார்: "என்னா டீச்சர், எங்க காலத்துல புத்தகம் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். இப்ப நீங்களே அதுல கிறுக்கச் சொல்லிக் குடுக்கிறீங்களாமே?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. புத்தகத்தைச் சரஸ்வதியாக நினைக்கும் மரபு நம்முடையது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாத ஐயரைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம். 1887-இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியிராவிட்டால் அந்நூல் நம் கைக்கு எப்படி வந்திருக்கும்? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பை நினைத்தால் இன்றும் தமிழர் நெஞ்சு கனக்கிறது. இப்படிப்பட்ட சமூகத்தில் புத்தக ஏட்டில் படம் வரையலாம் என்று சொல்ல வருகிறவள், காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்கிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்லேன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று, ஓவியப் பாடத்தையும் சேர்த்து நடத்துகிறவள். அந்த அனுபவத்தில் கண்டது ஒன்று. வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடித்ததை வரை" என்று சொன்னால் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் பிள்ளைக்கு அந்த மலை எங்கிருந்து வந்தது? பார்த்துப் பார்த்து எழுதிய பழக்கம். மீதி இரண்டு பேர் வரையவே மாட்டார்கள். பென்சிலால் ஒரு கோடு, உடனே அழிப்பான். மறுபடி ஒரு கோடு, மறுபடி அழிப்பான். மணி அடிக்கும்போது தாள் கிழிந்திருக்கும், படம் இருக்காது. தப்பாகிவிடுமோ என்ற பயந்தான் காரணம்.

அந்தச் சமயத்தில் நம் பொருள் அறையைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. மூலையில் கட்டுக்கட்டாகப் பழைய பயிற்சி நூல்கள். 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். தேர்வு போன பின்பு அந்தப் பயிற்சி நூல்களைத் திறப்பார் இல்லை. பாதியைக் கறையான் தின்றிருந்தது. பழைய பேப்பர் வண்டிக்காரர் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தால் கிலோக் கணக்கில் எடை போட்டுக் கொடுக்க வேண்டியதுதான். அவற்றுள் ஒரு நூலைப் புரட்டினேன். பக்கம் முழுவதும் சிவப்பு மை. வட்டங்கள், குறுக்குக் கோடுகள், 'மீண்டும் செய்' என்ற குறிப்புகள். ஒரு பிள்ளையின் ஓராண்டுத் தவறுகள் அத்தனையும் அதில் இருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் மகாகவி தாகூர். பெரியோர்களே, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரவீந்திரநாத் தாகூர் 1913-இல் நோபல் பரிசு பெற்றவர். 1927-இல் நம் மலாயாவில் சுற்றுப்பயணம் செய்து, கோலாலம்பூருக்கும் வந்து போனவர். அவரைக் கவிஞராக அறிவோம். ஓவியர் தாகூர் எப்படிப் பிறந்தார் தெரியுமா? கவிதை எழுதும்போது சொல் பிடிக்கவில்லை என்றால் அடிப்பார். எல்லாரும் செய்கிற காரியந்தான். ஆனால் அடித்தல் திருத்தல்கள் பக்கத்தில் அலங்கோலமாகக் கிடப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. இங்கே ஒரு அடித்தல், அங்கே ஒரு அடித்தல். இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்பார். அது ஒரு பறவையின் கழுத்தாகும். இன்னும் கொஞ்சம் மையை இட்டு நிரப்புவார். பெயர் தெரியாத ஏதோ ஒரு விலங்கு எழுந்து நிற்கும். முன்கூட்டி எண்ணி வரைந்தது அல்ல. தவறு எங்கே விழுந்ததோ அங்கே உருவம் பிறந்தது.

1924-ஆம் ஆண்டு, தம் அறுபத்து மூன்றாம் வயதில், தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்டவர் வழியில் நோய்வாய்ப்பட்டு அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. புவனஸ் அயர்ஸ் நகருக்கு அருகில் அவரைப் பேணிய எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ என்ற அம்மையார், 'பூரபி' என்னும் கவிதை நூலின் கையெழுத்து ஏடுகளைப் பார்த்தார். கவிதைகளுக்கு இடையே அடித்தல்களிலிருந்து எழுந்த உருவங்களைக் கண்டு வியந்தார். 1930-இல் தாகூரின் ஓவியங்கள் பாரிஸ் நகரில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அதற்கு முன்னின்று உதவியவரும் அவரே. அதே ஆண்டில் ஜெர்மனி, டென்மார்க், ரஷ்யா, அமெரிக்கா என்று அந்த ஓவியங்கள் பயணம் போயின. எந்த ஓவியப் பள்ளியிலும் படித்துத் தேறாத அவர், 1941-இல் மறையும் முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச் சென்றார். இத்தனைக்கும் விதை எது? அடித்துப் போட்ட ஒரு சொல்.

இதைத்தான் என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிவப்பு மை விழுந்த ஏடுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். "இதுல எங்கெல்லாம் தப்புன்னு போட்டிருக்கோ அங்கேருந்து ஆரம்பிங்க" என்றேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் இரண்டு சிவப்பு வட்டங்களைக் கண்களாக்கி ஓர் ஆந்தையைக் கொண்டுவந்தான். ஒருத்தி ஆறு குறுக்குக் கோடுகளை இணைத்து மீன்வலை ஆக்கினாள். கணக்கில் எப்போதும் பின்தங்கும் பிள்ளை ஒருவன், "டீச்சர், இன்னும் தப்பு நெறைய உள்ள பேப்பர் இருந்தா குடுங்க" என்று கேட்டான். தவறு நிறைந்த ஏட்டைக் கையேந்திக் கேட்ட பிள்ளையை அன்றுதான் முதலில் கண்டேன்.

இது தாகூரோடு நின்ற கதையும் அல்ல. நம் சென்னையிலே கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர் இருந்தார்; 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் அவர் தீட்டிய ஓவியங்களைப் பார்த்தால் ஒரு பழைய சாதக ஏட்டை விரித்து வைத்ததுபோல் இருக்கும். எழுத்துகள், எண்கள், கட்டங்கள், சின்னச் சின்ன உருவங்கள். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது. எழுத்தே அங்கே படம். 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்க முன்னின்றவரும் அவரே. அதே 1966-இல் இலண்டனில் டாம் பிலிப்ஸ் என்ற ஓவியர் ஒரு பழைய நாவலை மூன்று பென்னிக்கு வாங்கினார். 1892-இல் வெளிவந்து எல்லாரும் மறந்துபோன நாவல். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வண்ணத்தால் மூடினார். மிஞ்சிய சொற்கள் சேர்ந்து புதிய கதை சொல்லின. ஐம்பது ஆண்டுக் காலம் அந்த ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, 2016-இல் இறுதிப் பதிப்பைக் கொண்டுவந்தார். 2022-இல் மறைந்தார். அந்த நாவல் இன்று நினைக்கப்படுகிறதென்றால் அவர் அதன்மேல் வரைந்ததால்தான்.

இந்தச் சொல் தேடும் முறையைத் தமிழ் மொழிப் பாடத்திலும் கையாண்டு பார்த்தேன். வாசிக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் ஒளிகிற பிள்ளை, 'மூணு சொல்லைப் பிடி, மத்ததை மூடு' என்றால் பக்கம் முழுவதையும் விரல் வைத்து வாசித்துவிடுகிறது. பிடித்த சொல்லைத் தேட வேண்டுமே! கணிதப் பயிற்சி நூலின் ஒரு பக்கத்தில், சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கும் கணக்கொன்று இருந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் கறுப்பு மெழுகு வண்ணத்தால் மூடிவிட்டு ஒரு சிறுமி மூன்று சொற்களை மட்டும் விட்டிருந்தாள்: 'அம்மாவிடம்', 'மீதம்', 'எவ்வளவு'. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். அந்தப் பிள்ளைக்குப் பள்ளி உதவிநிதிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை வாய் திறந்து சொல்லாததை ஏடு சொல்லிற்று.

இன்னொரு வரலாற்றையும் சொல்ல விரும்புகிறேன். தோட்டப்புறத்து மக்களாகிய நமக்கு இது நெருக்கமானது. வட அமெரிக்கச் சமவெளியில் வாழ்ந்த ஷயான், கையோவா போன்ற பூர்வகுடி மக்கள் தங்கள் வீரக் கதைகளைக் காட்டெருமைத் தோலில் வரைந்து வைப்பது வழக்கம். காட்டெருமைகள் கொன்றழிக்கப்பட்டன, நிலமும் கைவிட்டுப் போனது. தோலுக்கு எங்கே போவது? வியாபாரிகளும் பட்டாளத்தாரும் வைத்திருந்த பழைய கணக்குப் பேரேடுகள் கிடைத்தன. வரவு, செலவு, கட்டம் கட்டமான கோடு. அதன் மேலேயே குதிரையும் வேட்டையும் வரைந்தார்கள். 1875-இல் எழுபதுக்கும் மேற்பட்டோர் புளோரிடாவில் ஒரு கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1878 வரை இருந்தார்கள். அங்கே அவர்கள் வரைந்த ஏடுகள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. தங்களைக் கணக்குப் பார்த்தவர்களின் ஏட்டிலேயே தங்கள் வாழ்க்கையை எழுதி வைத்தார்கள் அந்த மக்கள்.

நம் பாட்டன் பாட்டிமார் பெயரும் ஒரு கணக்குப் புத்தகத்தில்தானே இருந்தது? காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட, 'இருக்கேன்' என்று சொன்னால் செக்ரோலில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் சம்பளம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயமும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. பள்ளி ஒன்றுதான் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டி துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பழைய சம்பள அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் கோடு போட நான் விடவில்லை. நகல் எடுத்துக் கொடுத்தேன். நகலின் மேல் பால்வாளியும் கத்தியும், தலையில் விளக்கைக் கட்டிய ஒரு பெண்ணும் வந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அந்தப் பாட்டி இங்கே வந்து பார்த்துவிட்டு, "இது நாந்தான்" என்றார். வலப்பக்கச் சுவரில் இரண்டாவதாக இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

ஆகவே, பெற்றோர்களே, ஏட்டில் வரைவது வேறு. ஏட்டை அழிப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காவிட்டால் நீங்கள் அஞ்சியது நடந்துவிடும். ஐரோப்பாவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்கள் 10-ஆம் நூற்றாண்டில் தோல் ஏடுகளில் படியெடுக்கப்பட்டன. 13-ஆம் நூற்றாண்டில் ஒருவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதே தோலில் பிரார்த்தனைப் புத்தகம் எழுதினார். 1906-இல் டென்மார்க்கு அறிஞர் ஒருவர் அடியில் தெரிந்த மங்கிய வரிகளை வாசித்து, அவை யாருடையவை என்று கண்டுபிடித்தார். வேறெங்கும் இல்லாத பகுதிகள் அதில் இருந்தன! நல்ல வேளையாக அடியெழுத்து மிஞ்சியது. எல்லா ஏட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அதனால் நம் வகுப்பில் சட்டம் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மனப்பாடம், உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நூலகப் புத்தகத்தையும் பாடநூல் இரவல் திட்டத்தில் வாங்கிய புத்தகத்தையும் தொடக்கூடாது. அவை அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு உரியவை.

இரண்டாவது, எந்தச் சமயத்தின் நூலாயினும் சமய நூலில் வரையக்கூடாது. நம்முடையது, பிறருடையது என்ற பேதம் இதில் இல்லை.

மூன்றாவது, இந்நாட்டில் அச்சான பழைய தமிழ் நூல், பழைய ஏடு, விழா மலர் எதையும் கிழிக்கக்கூடாது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. இனி ஒரு பழைய பிரதி கெட்டால் புதிதாக அச்சிட ஆளில்லை. வீட்டுப் பரணில் அப்படி ஏதேனும் கிடந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம்.

நான்காவது, சம்பள அட்டை, பிறப்புப் பத்திரம், கடிதம், புகைப்படம் இவற்றுக்கு நகல் எடுத்து, நகலில்தான் வரைய வேண்டும்.

அப்படியானால் எதில் வரையலாம்? காலாவதியான பயிற்சி நூல், கறையான் தின்ற பாடப்புத்தகத்தில் எஞ்சிய ஏடு, கடைகளின் விலைப்பட்டியல், கிழித்த நாட்காட்டித் தாள். இவை போதும், குறைவே வராது.

செய்முறையையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, நாளடைவில் மொரமொரவென்று ஒடியும். அதனால் இரண்டு ஏடுகளை முதுகோடு முதுகாக ஒட்டி, மேலே கஞ்சிப் பசையை மெல்லத் தடவி நிழலில் காயவைக்க வேண்டும். அப்புறம் வண்ணம் பூசினால் தாள் சுருங்காது. விலையுயர்ந்த வண்ணம் தேவையில்லை. கோப்பித் தண்ணீர், மஞ்சள் தூள், பழைய பேனா மை, மெழுகு வண்ணம். அழிப்பானுக்கு மட்டும் அனுமதி இல்லை. பேனாவைத் தாளில் வைத்தால் நான் இருபது எண்ணும்வரை எடுக்கக்கூடாது. பிறகு தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் உருவம் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும். கோலம் போடும் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இது சட்டென்று வந்துவிடுகிறது. அச்செழுத்து அவர்களுக்குப் புள்ளி. அதைச் சுற்றி வளைக்கக் கைக்குத் தெரியும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். பிள்ளைக்கு ஒரு சுவர் வேண்டும். வெள்ளைத் தாளில் தயங்கும் கை, ஏற்கெனவே ஏதோ எழுதிய தாளில் தயங்குவதில்லை. அந்தத் துணிவை வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளுக்கு அப்புறம் போகலாம். நம் வகுப்பில் போன தவணையில் வெள்ளைத் தாளைக் கொடுத்தபோது இரண்டு மலையும் சூரியனும் மூன்று பேரிடம்தான் வந்தன. மற்றவர்கள் அடுக்குமாடி மின்தூக்கி, கொமூட்டர் இரயில், பிரிக்பீல்ட்ஸ் பூமாலைக் கடை, லோரி ஓட்டும் அப்பா என்று தாங்கள் கண்டதை வரைந்தார்கள்.

பெற்றோரிடம் எனக்கு மூன்று வேண்டுகோள். வீட்டில் படத்தைப் பார்த்ததும் "இது என்னா, ஒண்ணும் புரியலையே" என்று சொல்லாதீர்கள். "எங்கேருந்து ஆரம்பிச்சே?" என்று கேளுங்கள், பிள்ளை அரை மணி நேரம் பேசும். இரண்டாவது, பழைய பேப்பர் வண்டியில் போடுமுன் நான் சொன்ன சட்டத்தை நினைத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மூன்றாவது, பள்ளி விடுமுறையில் ஒரு நாளாவது பிள்ளையைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். 1958-இல் தொடங்கப்பட்டது, நம் நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது. நம் பிள்ளைகள் அதன் வாசலை மிதிக்க வேண்டும்.

இந்த ஆண்டுப் பரிசுப் பட்டியலில் ஓவியத்துக்கென்று ஒரு பரிசைச் சேர்த்த தலைமையாசிரியர் அவர்களுக்கும், சட்டங்களுக்கு மரம் கொடுத்து உதவிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், இரண்டு நாள் கண்விழித்துப் படங்களை மாட்டிய பள்ளிப் பணியாளர்களுக்கும் என் நன்றி. மாணவச் செல்வங்களே, நீங்கள் வரைந்தவை தவணை முடியும்வரை இச்சுவர்களில் இருக்கும். அதன்பின் அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கூடத்தில் ஆணி அடிக்க அப்பாவிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.